டயாப்லோ 2 ரிசரெக்டட்: ஒட்டுப் போட்டுப் போட்டு வளர்ந்த ஸ்கில் ட்ரீ

மான்ஸ்டர்களைக் கொன்று லெவல் ஏறும் கணினி கேமான டயாப்லோ 2-இல், ஸ்கில்களை (தாக்குதல், மந்திரம் போன்ற திறன்கள்) கற்கவும் பலப்படுத்தவும் ஒரு கேரக்டருக்குக் கிடைக்கக்கூடிய ஸ்கில் பாயிண்ட் மொத்தமே 110. லெவல் 1-இலிருந்து 99 வரை ஏறினால் லெவலுக்கு ஒன்று வீதம் 98. மீதி 12 குவெஸ்ட்களில் (கதையில் வரும் பணிகள்) வரும்: டென் ஆஃப் ஈவில் 1, ராடமெண்ட் 1, இசுவல் 2, இந்த நான்கு பாயிண்ட்டும் நார்மல், நைட்மேர், ஹெல் என்ற மூன்று டிஃபிகல்ட்டியிலும் (கடினநிலை) மூன்று முறை. 99-ஐத் தொடுபவர்கள் மிகச் சிலர். பெரும்பாலான கேரக்டர்கள் 85-க்கும் 90-க்கும் இடையில் நின்றுவிடும். ஆக, நடைமுறையில் கையில் இருப்பது ஏறக்குறைய நூறு பாயிண்ட்.

அந்த நூறை எங்கே போடுவது என்பதில்தான் இந்த கேமின் உயிர் இருக்கிறது. 2021 செப்டம்பர் 23-இல் வந்த ரிசரெக்டட் பதிப்பு படத்தையும் ஒலியையும் புதிதாக்கியது. அடியில் ஓடுவது 2000-இல் போட்ட அதே கணக்குதான். கிராஃபிக்ஸ் அருமை, ‘ஜி’ விசையைத் தட்டினால் பழைய படமும் வரும்; அதைப் பற்றி இவ்வளவு போதும். இந்த விமர்சனம் ஸ்கில் சிஸ்டத்தைப் பற்றியது. ஏனென்றால், ஒரு ஸ்கில் சிஸ்டம் எப்படிப் பழுதாகிறது, எப்படிச் சரிசெய்யப்படுகிறது, அந்தச் சரிசெய்தலே அடுத்த பழுதுக்கு எப்படி வழிவிடுகிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் கேம் வேறு இல்லை. ஒவ்வொரு பேட்சின் (வெளியான கேமில் பின்னால் செய்யும் திருத்தம்) தழும்பும் இன்றும் ட்ரீயில், அதாவது ஸ்கில்கள் கிளை கிளையாக இணைந்த பட்டியலில், தெரிகிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் பாயிண்ட் வீணாகாது.

முதல் டயாப்லோவில் ட்ரீயே கிடையாது. புத்தகம் கிடைத்தால் ஸ்பெல் கற்கலாம்; மேஜிக் தேவையான அளவு இருந்தால் எந்த கேரக்டரும் எந்த ஸ்பெல்லையும் படிக்கலாம். வாரியரும் சோர்சரரும் ஒரே நூலகத்தில்தான் படித்தார்கள். இரண்டாம் பாகத்தில் இதை உடைத்தார்கள். ஒவ்வொரு கிளாசுக்கும் (கேரக்டர் வகை) தனியாக 30 ஸ்கில், பத்துப் பத்தாக மூன்று பக்கம், லெவல் 1, 6, 12, 18, 24, 30 என்று ஆறு படி. மேல்படி ஸ்கில்லைத் தொட அதற்குக் கீழே கோடு போட்டு இணைத்தவற்றில் ஒரு பாயிண்ட்டாவது இருக்க வேண்டும். ஒரு ஸ்கில்லில் கையால் போடக்கூடிய உச்சம் 20. மூல கேமில் 5 கிளாஸ், 2001-இல் வந்த லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன் சேர்த்த அசாசின், ட்ரூயிட் இரண்டு. இந்த ஏழு கிளாசுக்கும் சேர்த்து 210 ஸ்கில்.

இதற்குள் ஒரு சின்ன விதி ஒளிந்திருக்கிறது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் வேர். ஒரு ஸ்கில்லின் ஒவ்வொரு கூடுதல் பாயிண்ட்டும் கேரக்டரின் லெவலை ஒன்று கூடுதலாகக் கேட்கும். சோர்சரஸ் (மந்திரக்காரி) கிளாசின் லெவல் 30 ஸ்கில்லான ஃப்ரோசன் ஆர்பில் லெவல் 30-இல் ஒரே பாயிண்ட்தான் போடலாம். 31-இல் இரண்டாவது. 20 பாயிண்ட் நிறைய லெவல் 49 ஆக வேண்டும்.

2000 முதல் 2003 வரை இதன் விளைவு மோசமாக இருந்தது. கீழ்ப்படி ஸ்கில்கள் லெவல் 20 தாண்டியதும் செத்துவிடும். அவற்றில் போட்ட பாயிண்ட் போட்டதுதான், திரும்ப எடுக்க வழி இல்லை. விவரம் தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள்? பாயிண்ட்டைப் போடாமல் சேர்த்து வைத்தார்கள். ஆர்பும் அதற்குப் பலம் சேர்க்கும் கோல்ட் மாஸ்டரியும் லெவல் 30-இல் ஒன்றாகத் திறக்கும். அதன் பிறகு லெவலுக்கு ஒரு பாயிண்ட்தான் வரும். இரண்டிலும் சேர்ந்தாற்போல் போட இரண்டு வேண்டும். அந்த இரண்டாவது பாயிண்ட்டுக்காக முதல் 29 லெவலும் பட்டினி. கேமின் முதல் கால்பகுதியை வேண்டுமென்றே பலவீனமாக ஆடுவதுதான் சரியான உத்தி என்று ஒரு சிஸ்டம் சொல்கிறதென்றால், அதில் அடிப்படையிலேயே கோளாறு.

2003 அக்டோபரில் 1.10 பேட்ச் வந்தது. அதோடு வந்ததுதான் சினர்ஜி. ஒரு ஸ்கில்லில் போட்ட பாயிண்ட் இன்னொரு ஸ்கில்லின் டேமேஜையும் கூட்டும். செத்துக் கிடந்த கீழ்ப்படிகளுக்கு ஒரே நாளில் உயிர் வந்தது.

ஒரு உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். சோர்சரஸின் பிளிசார்ட், லெவல் 24 ஸ்கில். ஐஸ் போல்ட், ஐஸ் பிளாஸ்ட், கிளேசியல் ஸ்பைக், ஃப்ராஸ்ட் நோவா நான்கிலும் ஒரு பாயிண்ட் இருந்தால்தான் திறக்கும். முதல் மூன்றும் சினர்ஜி: ஒவ்வொன்றிலும் போடும் ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் பிளிசார்டின் டேமேஜ் 5% கூடும். மூன்றிலும் 20 போட்டால் 60 பாயிண்ட், 300% கூடுதல். அதாவது அடிப்படை டேமேஜ் நான்கு மடங்கு.

செலவைக் கூட்டுங்கள். பிளிசார்ட் 20, சினர்ஜி 60, வழியில் ஃப்ராஸ்ட் நோவா 1, மொத்தம் 81. வார்ம்த், ஸ்டாட்டிக் ஃபீல்ட், டெலிகினசிஸ், டெலிபோர்ட், ஃப்ரோசன் ஆர்மர் ஒவ்வொன்றிலும் 1 போட்டால் 86. எல்லா குவெஸ்ட்டும் முடித்திருந்தால் லெவல் 75-இல் சரியாக 86 பாயிண்ட் கையில் இருக்கும். இதில் கோல்ட் மாஸ்டரிக்கு ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். புதிதாக ஆடுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

கோல்ட் மாஸ்டரி எதிரியின் குளிர் எதிர்ப்பைக் குறைக்கும். முதல் பாயிண்ட்டுக்கு 20%, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 5%. குளிர் எதிர்ப்பு 50 உள்ள மான்ஸ்டர் உங்கள் டேமேஜில் பாதியைத்தான் வாங்கும். மாஸ்டரியில் ஒரே ஒரு பாயிண்ட் போட்டால் எதிர்ப்பு 30 ஆகும். டேமேஜ் 50%-இலிருந்து 70%-க்குப் போகும். ஒரு பாயிண்ட்டுக்கு 1.4 மடங்கு. அதே நேரத்தில், சினர்ஜியில் அறுபதாவது பாயிண்ட் தருவது 395%-இலிருந்து 400%-க்குப் போகும் ஏற்றம். ஒன்றேகால் சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆகவே லெவல் 30 தாண்டியதும் முதல் வேலை மாஸ்டரியில் ஒரு பாயிண்ட். அதன் பிறகு ஸ்கில் கூட்டும் பொருள்கள் அதைத் தானாகவே ஏற்றிவிடும். மொத்த லெவல் 17 ஆனால் 100% குறைப்பு. அதற்கு மேல் பெரும்பாலான எதிரிகளிடம் பலன் கொஞ்சமே.

‘பொருள்கள் ஏற்றும்’ என்பதில் ஒரு பெரிய நிபந்தனை உண்டு. எல்லா ஸ்கில்லையும் 2 கூட்டும் வாளைப் பிடித்தால் பிளிசார்டும் 2 கூடும், ஐஸ் போல்ட்டும் 2 கூடும். ஆனால் சினர்ஜிக் கணக்கில் அந்த ஐஸ் போல்ட் 2 சேராது. சினர்ஜி பார்ப்பது நீங்கள் கையால் போட்ட பாயிண்ட்டை மட்டும். ‘ஐஸ் போல்ட் ஏற்கெனவே 12 காட்டுகிறதே, இன்னும் 8 போட்டால் 20 ஆகிவிடும்’ என்று கணக்குப் போட்டு ஏமாறுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பொருள் ஏற்றிய எண் நீல நிறத்தில் தெரியும். சந்தேகம் இருந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ட்ரீயைத் திறந்து பாருங்கள். அப்போது தெரிவதுதான் சினர்ஜிக்குக் கணக்கு.

சினர்ஜி ஒரு பழுதைத் தீர்த்து இன்னொன்றைக் கொண்டுவந்தது. மேலே சொன்ன சோர்சரஸ் 20 பாயிண்ட் போட்ட ஐஸ் போல்ட்டை ஹெல்லில் ஒரு முறைகூட எறியமாட்டாள். பாலடினின் பிளெஸ்ட் ஹேமர் இதைவிட அப்பட்டம். அதன் சினர்ஜி விகர், பிளெஸ்ட் எய்ம் இரண்டும், பாயிண்ட்டுக்கு 14%. இரண்டிலும் 20 போட்டால் 560% கூடும். இவ்வளவு பெரிய எண்ணை எதிரில் வைத்துவிட்டு, ‘வேறு ஏதாவது முயன்று பாருங்கள்’ என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. ஹேமர் 20, கான்சன்ட்ரேஷன் 20, விகர் 20, பிளெஸ்ட் எய்ம் 20, மீதி ஹோலி ஷீல்டில். உலகம் முழுக்க இந்த பாலடின் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருப்பதற்குக் காரணம் ஆடுபவர்களின் சோம்பல் கிடையாது. எண் அப்படித்தான் தள்ளுகிறது. ஒரு ஸ்கில்லின் பலத்தில் முக்கால் பங்கை மற்ற ஸ்கில்களுக்குள் ஒளித்து வைத்தால் நூறு பாயிண்ட் ஒரே ஒரு தாக்குதலுக்குத்தான் போதும். இரண்டு தாக்குதலை வைத்து ஆடும் கேரக்டர் ஹெல்லில் இரண்டிலும் அரைகுறையாக நிற்கும்.

சினர்ஜி மேல் எனக்கு உள்ள மிகப் பெரிய குறை இதுதான். ஆனாலும், பாயிண்ட்டைப் பூட்டி வைத்த காலத்தைவிட இது ஆயிரம் மடங்கு மேல். லெவல் 10-இல் போடும் பாயிண்ட்டுக்கும் லெவல் 80-இல் பயன் உண்டு என்ற உறுதி ஒரு கேமுக்கு மிகவும் முக்கியம்.

தவறாகப் போட்ட பாயிண்ட்டைத் திரும்ப எடுக்கும் வசதி வர 2010 மார்ச் ஆயிற்று. கேம் வெளிவந்து பத்தாண்டு கழித்து, 1.13 பேட்சில். அதுவரை தவறு செய்தால் புதிய கேரக்டர்தான். இன்று டென் ஆஃப் ஈவிலை முடித்தால் அந்த குவெஸ்ட்டைத் தரும் பாத்திரமான அகாரா ஒரு முறை எல்லா ஸ்கில் பாயிண்ட்டையும் ஸ்டாட் பாயிண்ட்டையும் திருப்பித் தருவாள். டிஃபிகல்ட்டிக்கு ஒன்று, ஆக மூன்று. அவையும் தீர்ந்தால், அதே வேலையைச் செய்யும் டோக்கன் ஆஃப் அப்சல்யூஷன் என்ற பொருள். ஹெல்லில் பெரிய எதிரிகளான பாஸ்களிடம் விழும் நான்கு எசன்ஸ் வேண்டும்: ஆண்டரியல் அல்லது டூரியலிடம் ஒன்று, மெஃபிஸ்டோவிடம் ஒன்று, டயாப்லோவிடம் ஒன்று, பாலிடம் ஒன்று. நான்கையும் ஹொராட்ரிக் கியூபில் (பொருள்களைச் சேர்த்து வேறொன்றாக மாற்றும் பெட்டி) போட்டு மாற்றினால் ஒரு டோக்கன். விலை சரியான அளவில் இருக்கிறது என்பேன். முதல் மூன்று தவறுக்கு மன்னிப்பு, அதற்குப் பிறகு ஒரு நாள் உழைப்பு.

முழுக்க இலவசமாக மாற்றிக்கொள்ள விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மூன்றாம் பாகமே சாட்சி. 2008-இல் அறிவித்தபோது டயாப்லோ 3-இலும் ட்ரீ இருந்தது. 2010-இல் ட்ரீயைத் தூக்கினார்கள். ஸ்கில்லின் தன்மையை மாற்றும் ரூன்கள் தரையில் விழும் பொருளாக இருக்கும் என்றார்கள். வெளியீட்டுக்குச் சில மாதம் முன்பு, 2012 தொடக்கத்தில், அதையும் கைவிட்டு லெவல் ஏற ஏறத் தானாகத் திறக்கும்படி மாற்றினார்கள். 2012 மே 15-இல் வெளிவந்தபோது பாயிண்ட்டே இல்லை. எந்த ஸ்கில்லையும் எப்போதும் மாற்றலாம். மாற்றுவதற்கு விலையே இல்லாமல் போனதால், நெஃபாலம் வேலர் என்ற ஊக்கத்தைக் கொண்டுவந்து, ஸ்கில்லை மாற்றினால் அது போய்விடும் என்று கட்ட வேண்டியிருந்தது. முன்வாசலில் எடுத்துப் போட்ட பூட்டைக் கொல்லைப்புறத்தில் மாட்டியதுபோல்.

ரிசரெக்டட் வந்த பிறகு நடந்தவற்றுக்கு வருவோம். முதல் சில மாதம் ஸ்கில்களில் கைவைக்கவே இல்லை. 2022 ஏப்ரலில் 2.4 பேட்ச் வந்தது. பல ஆண்டுகளாகத் தேங்கிக் கிடந்த கணக்கை அதுதான் முதன்முதலில் கலைத்தது. அதில் மிகப் பெரிய மாற்றம் வெளியே தெரியாதது: காஸ்ட் டிலே. பழைய கேமில் பிளிசார்டை ஒரு முறை விட்டால் 1.8 நொடி காத்திருக்க வேண்டும். அதில் தவறில்லை. ஆனால் அந்த 1.8 நொடியும் மீட்டியர், ஃப்ரோசன் ஆர்ப் போன்ற மற்ற டிலே ஸ்கில்களும் பூட்டிக் கிடக்கும். ஒரு வீட்டில் ஒருவர் குளிக்கப் போனால் எல்லா அறையும் பூட்டிக்கொள்வதுபோல. 2.4-க்குப் பிறகு ஒவ்வொரு ஸ்கில்லுக்கும் தனித்தனி டிலே. பிளிசார்டை இறக்கிவிட்டு, அது விழும் நேரத்தில் ஆர்பை எறியலாம். இரண்டு தாக்குதல் வைத்து ஆடுபவர்களுக்கு சினர்ஜி மூடிய கதவை இது பாதி திறந்தது.

ட்ரூயிடுக்கும் அதே பேட்சில் நியாயம் கிடைத்தது. முன்பு ஓநாய்களை அழைத்தால் கரடி போய்விடும், கரடியை அழைத்தால் ஓநாய்கள் போய்விடும். ஒரு பக்கம் முழுக்க அழைக்கும் ஸ்கில்கள் இருந்தும் அவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. இப்போது ஸ்பிரிட் வுல்ஃப், டயர் வுல்ஃப், கிரிஸ்லி மூன்றும் ஒன்றாக நிற்கும். ஹெல்லின் கடைசிப் பகுதியில் ஸம்மன் ட்ரூயிட் இன்னும் மெதுவானவன்தான். ஆனால் ஆட முடிகிற ஒரு பில்ட் (பாயிண்ட்டைப் பங்கிட்டு உருவாக்கும் கேரக்டர் அமைப்பு) என்ற நிலைக்கு வந்துவிட்டான்.

2022 செப்டம்பரின் 2.5 பேட்ச் இம்யூனிட்டியைத் தொட்டது. ஹெல்லில் பல மான்ஸ்டர்கள் ஏதாவது ஒரு வகை டேமேஜுக்கு இம்யூன், அதாவது எதிர்ப்பு 100 அல்லது அதற்கு மேல். கோல்ட் மாஸ்டரியால் அதை உடைக்க முடியாது. ஒரே தாக்குதலில் நூறு பாயிண்ட்டையும் கொட்டச் சொல்லிவிட்டு, அந்தத் தாக்குதல் எடுபடாத எதிரியை எதிரே நிறுத்துவது சினர்ஜி உருவாக்கிய முரண். அதனால்தான் குளிர் சோர்சரஸ்கள் இவ்வளவு காலமும் ஏன்ஷியன்ட் டனல்ஸ் போன்ற, இயல்பிலேயே குளிருக்கு இம்யூன் ஆனவை வராத இடங்களிலேயே சுற்றினார்கள். 2.5-இல் வந்த சண்டர் சார்ம்கள், வகைக்கு ஒன்றாக ஆறு, பையில் இருந்தால் இம்யூன் மான்ஸ்டரின் எதிர்ப்பை 95-க்கு இறக்கும். பதிலுக்கு உங்கள் எதிர்ப்பும் கணிசமாகக் குறையும். 95 என்றால் நூறில் ஐந்து பங்கு டேமேஜ்தான் உள்ளே போகும். அதற்கு மேல் எதிரியின் எதிர்ப்பைக் குறைக்கும் பொருள்கள் வேண்டும். சார்ம் கிடைத்த அன்றே எல்லாம் உருகும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். இந்தத் தீர்வில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ட்ரீயில் செய்திருக்க வேண்டிய பழுதுபார்ப்பைப் பையில் ஒரு பொருளாக வைத்துவிட்டார்கள். ஆனாலும் சென்ற இடமெல்லாம் சுவரில் முட்டிக்கொண்டிருந்த பில்ட்களுக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது.

இனி, கேம் எங்கேயும் விளக்காத, ஆனால் ஸ்கில்லின் பலத்தில் பாதியைத் தீர்மானிக்கும் ஒன்று: காஸ்ட் வேகம். இந்த கேம் நொடிக்கு 25 ஃப்ரேம் கணக்கில் ஓடுகிறது. சோர்சரஸ் ஒரு ஸ்பெல் விட 13 ஃப்ரேம், அதாவது 0.52 நொடி ஆகும். பொருள்களில் வரும் காஸ்ட் ரேட் சதவீதம் இதைக் குறைக்கும், ஆனால் அரை ஃப்ரேம் என்று ஒன்று கிடையாது. 9%-இல் 12 ஃப்ரேம், 20%-இல் 11, 37%-இல் 10, 63%-இல் 9, 105%-இல் 8, 200%-இல் 7. இவற்றுக்கு இடையில் இருப்பதெல்லாம் வீண். 63 இருந்தாலும் 104 இருந்தாலும் வேகம் ஒன்றுதான். லைட்னிங், செயின் லைட்னிங் இரண்டுக்கும் தனிக் கணக்கு, அது இன்னும் கடுமை: அங்கே 117%-இல் 12 ஃப்ரேம், 194%-இல் 11.

63-ஐ எட்டும் எளிய வழி ஸ்பிரிட் ரூன்வேர்டு, அதாவது பொருளின் சாக்கெட்களில் (துளைகள்) ரூன் கற்களைக் குறித்த வரிசையில் பதித்துப் பெறும் பலம். நான்கு சாக்கெட் உள்ள வாளில் ஒன்று, மோனார்க் கேடயத்தில் ஒன்று. டால், துல், ஓர்ட், ஆம்ன் என்ற ரூன்களின் வரிசை மாறக் கூடாது. ஒவ்வொன்றும் 25 முதல் 35% தரும், எல்லா ஸ்கில்லையும் 2 கூட்டும். இரண்டும் குறைந்தபட்சமாக 25 விழுந்தால் 50தான் சேரும்; பத்துப் பத்து தரும் இரண்டு மோதிரம் போட்டால் 70. இரண்டும் 30 விழுந்து, மேஜ்ஃபிஸ்ட் கையுறை 20, அராக்னிட் மெஷ் இடுப்புக்கச்சை 20, மோதிரம் ஒன்று 10 என்றால் 110; 105 தாண்டியாயிற்று.

ஆனால் மோனார்க்குக்கு 156 ஸ்ட்ரெங்த் வேண்டும். சோர்சரஸ் தொடங்குவதே 10-இல். மீதி 146 பாயிண்ட். லெவலுக்கு 5 ஸ்டாட் பாயிண்ட் என்றால் இது 29 லெவலின் முழு வருமானம். வைட்டாலிட்டியில் போட்டிருந்தால் பாயிண்ட்டுக்கு 2 வீதம் 292 லைஃப் ஏறியிருக்கும். ஸ்ட்ரெங்த் தரும் பொருள்களை அணிந்தபடியே மோனார்க்கை மாட்டிப் பார்த்து, இன்னும் எவ்வளவு குறைகிறதோ அதை மட்டும் போடுங்கள். எனர்ஜியில் ஒன்றும் போட வேண்டாம். வார்ம்த்தில் ஒரு பாயிண்ட்டும் பொருள்கள் தரும் ஏற்றமும் மனாவுக்கு (ஸ்பெல் விடச் செலவாகும் சக்தி) போதும். எனர்ஜி ஷீல்டை (மனாவைக் கொண்டு அடியைத் தாங்கும் ஸ்கில்) நம்பி ஆடுபவர்கள் மட்டும் விதிவிலக்கு.

ஒரே பாயிண்ட்டில் முழுப் பலன் தரும் ஸ்கில்கள்தான் இந்த ட்ரீயின் மிக அழகான பகுதி. டெலிபோர்ட் லெவல் 1-இல் 24 மனா கேட்கும், பொருள்கள் ஏற்ற ஏற்ற மனா குறையும், ஆனால் போகும் தூரம் அதேதான். ஸ்டாட்டிக் ஃபீல்ட் எதிரியின் அப்போதைய லைஃபில் 25%-ஐ ஒரே அடியில் எடுக்கும்; பாயிண்ட் கூட்டினால் சுற்றளவு மட்டுமே விரியும். நைட்மேரில் எதிரியின் லைஃபை 33%-க்குக் கீழே, ஹெல்லில் 50%-க்குக் கீழே இதனால் இறக்க முடியாது. நார்மலில் பாஸ்களை இதை வைத்தே கரைத்தவர்கள் ஹெல்லில் பாதியில் நின்று திகைப்பது இதனால்தான். நெக்ரோமான்சரின் கார்ப்ஸ் எக்ஸ்ப்ளோஷன், ஆம்ப்ளிஃபை டேமேஜ் இரண்டும் இதே ரகம். முதலாவதில் டேமேஜ் பிணத்தின் லைஃபிலிருந்து வருகிறது, உங்கள் பாயிண்ட்டிலிருந்து வருவதில்லை. அதனால் எதிரி பலமாக ஆக அதுவும் பலமாகும்.

பொருள் எதுவும் இல்லாமல் முதன்முறை ஆடுபவர்களுக்கு நெக்ரோமான்சர்தான் நல்ல தொடக்கம். ரெய்ஸ் ஸ்கெலட்டன் முதல் மூன்று லெவலுக்குத் தலா ஒரு எலும்புக்கூடு, அதன் பிறகு மூன்று லெவலுக்கு ஒன்று, 20-இல் எட்டு. இதில் பொருள்களின் ஏற்றமும் சேரும். அதையும் ஸ்கெலட்டன் மாஸ்டரியையும் நிரப்பினால் தவறு செய்ய இடமே குறைவு. பார்பேரியன் நல்ல ஆயுதம் கிடைக்கும் வரை சோதிப்பான். புதியவர்களுக்கு வேண்டாம்.

இடைமுகத்தில் இரண்டு குறை. எந்த ஸ்கில் எதற்குச் சினர்ஜி என்று டூல்டிப் (ஸ்கில் மேல் சுட்டியை வைத்தால் வரும் குறிப்பு) தெளிவாகப் பட்டியலிடுகிறது, நல்லது. ஆனால் ட்ரீயில் ஒரு கிளிக் செய்தால் பாயிண்ட் உடனே விழுந்துவிடும், ‘நிச்சயமா?’ என்ற கேள்வி கிடையாது. மேலே சொன்ன ஃப்ரேம் கணக்கும் எங்குமே எழுதப்படவில்லை. இதற்கு நேர்மாறாக, 2021 இறுதியில் வந்த குயிக் காஸ்ட் வசதி பெரிய நிம்மதி. முன்பு ஒரு விசையால் ஸ்கில்லைத் தேர்ந்து, பிறகு வலது கிளிக்கால் விட வேண்டும். இப்போது விசையைத் தட்டினால் ஸ்கில் போய்விடும். டெலிபோர்ட், ஸ்டாட்டிக், பிளிசார்ட் மூன்றையும் மாறி மாறி விடும் சோர்சரஸை இப்போதுதான் விரல் வலிக்காமல் ஆட முடிகிறது.

இந்த கேமை வாங்கலாமா? எண்களோடு மல்லுக்கட்டப் பிடித்தவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஸ்கில்களை நினைத்தபடி மாற்றி மாற்றிப் பார்க்க விரும்புபவர்களுக்கு இது எரிச்சலூட்டும்.

வாங்கினால், பாயிண்ட்டைத் திரும்பப் பெற அகாரா தரும் மூன்று மீட்புகளையும் சோர்சரஸில் இப்படிச் செலவிடலாம். லெவல் 30 வரை ஃபயர் போல்ட், 12-இல் ஃபயர் பால். இடையில் 6-இல் ஸ்டாட்டிக்கும் டெலிகினசிஸும், 18-இல் டெலிபோர்ட். நார்மலை முடித்து லெவல் 30 ஆனதும் கையில் 33 பாயிண்ட் இருக்கும். அப்போது முதல் மீட்பு. பிளிசார்டில் 7 (லெவல் 30-இல் அதுதான் உச்சம்), ஃப்ராஸ்ட் நோவா 1, வார்ம்த், ஸ்டாட்டிக், டெலிகினசிஸ், டெலிபோர்ட், ஃப்ரோசன் ஆர்மர் தலா 1. மீதி 20-இல் கிளேசியல் ஸ்பைக் 13, ஐஸ் பிளாஸ்ட் 6, ஐஸ் போல்ட் 1. சினர்ஜி 20 பாயிண்ட் என்பதால் பிளிசார்ட் இரட்டிப்பாகும். ஸ்பைக்கில் முதலில் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அது கூட்டத்தையே உறைய வைக்கும், பிளிசார்டின் டிலே முடியும் வரை உயிரைக் காப்பாற்றும். ஐஸ் போல்ட்டைக் கடைசியில் நிரப்புங்கள். அடுத்த லெவலில் வரும் பாயிண்ட் கோல்ட் மாஸ்டரிக்கு.

இரண்டாவது மீட்பை மோனார்க்கும் நான்கு ரூனும் கைக்கு வரும் வரை தொடாதீர்கள். ஸ்ட்ரெங்த்தைச் சரியாகத் திருத்த அப்போதுதான் அது தேவைப்படும். மீட்டதும் முதலில் ஸ்டாட்டைப் போடுங்கள். இல்லையென்றால் அணிந்திருக்கும் பொருள்கள் சிவப்பாகி வேலை செய்யாது. மூன்றாவதை ஹெல் டென் ஆஃப் ஈவிலில் வாங்காமல் அகாராவிடமே விட்டுவைக்கலாம், அது எங்கேயும் போகாது.